சொன்னது கொசு, கொன்றது வேறு!

("ஊரடங்கு விதிகளுக்கு மக்கள் கட்டுப்படுவது தண்டனைக்கு அஞ்சியா, சொல்பவர் மேல் வைத்த நம்பிக்கையாலா?" என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், 'நம்பிக்கையால்தான்' என்ற அணியின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



எதிரணித் தலைவர் ஒரு பழமொழியோடு தொடங்கினார். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டார்களாம். நன்றாகக் கைதட்டலும் வாங்கினார். கொரோனா காலத்தில் சாலைக்குச் சாலை போலீஸ் தடுப்பு இருந்ததால்தான் ஜனங்கள் வீட்டில் இருந்தார்களாம். தடுப்பை எடுத்த மறுநாளே கடைத்தெருவில் திருவிழாக் கூட்டமாம். அதோடு விட்டாரா? தோட்டத்து மக்களைத் தனியே பிரித்து, "அவர்களுக்கு விவரம் போதாது, அபராதம் என்றால்தான் புரியும்" என்று ஒரு போடு போட்டார்.

அப்படியானால், நடுவர் அவர்களே, நெகிரி செம்பிலான் தோட்டப் பக்கம் ஒருமுறை போய்வருவோம். 2020-க்கு அல்ல, அதற்கும் இருபத்தோரு ஆண்டுகளுக்கு முன்னால்.

1998 செப்டம்பர் கடைசியில் பேராக் மாநிலத்தில், ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் படுக்கத் தொடங்கினார்கள். காய்ச்சல், தலைவலி, பிறகு மயக்கம், பிறகு நினைவே இல்லை. அதிகாரிகள் இது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். அது பன்றி உடலில் பெருகி, கொசு மூலமாக மனிதனுக்கு வருகிற நோய். அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. சில நோயாளிகளின் இரத்தப் பரிசோதனை அந்த நோயையே காட்டியது. ஆகவே கொசுவை ஒழிக்கப் புகை அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது.

ஆனால் பண்ணையில் வேலை செய்தவனுக்குக் கண் இருந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அதிகமாகத் தாக்குவது பிள்ளைகளை. இங்கே படுத்தவர்களோ வளர்ந்த ஆண்கள், அதிலும் பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் படுத்தார்கள். பன்றிகள் இருமின, அக்கம்பக்கமெல்லாம் கேட்கும்படி இருமின. பக்கத்துக் கம்பத்தில் பன்றியைத் தொடாத மலாய்க்காரர்களை அந்தக் கொசு ஏன் விட்டு வைத்தது? பண்ணை வேலி வரைக்கும் பறந்து, அதற்கு மேல் பறக்காத கொசு ஒன்று உலகத்தில் உண்டா? இந்தக் கேள்விக்குப் படிப்பு தேவையில்லை.

நோய் கண்ட பண்ணைகளின் பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அவை லாரி ஏறித் தெற்கே வந்தன. 1998 டிசம்பரில் சிரம்பானுக்கு அருகே சிக்காமட்டில் நோய் வந்தது. அடுத்து போர்ட்டிக்சன் மாவட்டத்தில் புக்கிட் பெலாண்டோக். நாட்டிலேயே பெரிய பன்றி வளர்ப்பு வட்டாரங்களில் ஒன்று அது. சுற்றிலும் செம்பனையும் ரப்பரும். பண்ணை முதலாளிகள் சீனர்கள். கொட்டகை கழுவவும் தீவனம் போடவும் குட்டி பிடிக்கவும் போனவர்களில் தமிழர்களும் உண்டு. நோய்ப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள் என்றாலும் இந்தியர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

அங்கேயும் புகைதான், ஊசிதான். சொன்னபடி எல்லாம் செய்தவன் செத்தான். அடுத்த வீட்டுக்காரன் என்ன நினைப்பான்?

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த மாதிரியில் இதுவரை யாரும் காணாத ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் ஆய்வுக்கூடம் அதை உறுதி செய்தது. அந்த நோயாளியின் ஊர் புக்கிட் பெலாண்டோக்கை ஒட்டிய சுங்கை நிப்பா. இன்று கேரளத்தில் நிப்பா, வங்கதேசத்தில் நிப்பா என்று செய்தி வாசிக்கிறார்களே, அந்தப் பெயர் நெகிரி செம்பிலானில் ஒரு சின்னக் கிராமத்துப் பெயர்! தன் ஊர்ப் பெயரை உலகம் நோயாக உச்சரிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த ஊர் மக்களின் நிலைமையை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

கொசு இல்லை, பன்றியிலிருந்து நேராக வருகிறது என்று தெரிந்த பிறகு என்ன நடந்தது? அரசு வெளியேற்றுவதற்கு முன்பே பல குடும்பங்கள் உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டன. ஊர் வெறிச்சோடியது. இராணுவம் வந்து பன்றிகளைச் சுட்டுப் புதைத்தது. மொத்தம் ஏறத்தாழ 11 இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. ஒரு தலைமுறையின் சம்பாத்தியம் குழிக்குள் போனது. மே மாதத்தோடு நோய் ஓய்ந்தது. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கின்படி 265 பேருக்கு நோய், 105 பேர் மரணம். சிங்கப்பூரில் மலேசியப் பன்றிகளை அறுத்த கூடத்தில் வேலை செய்த 11 பேருக்கு நோய் கண்டு ஒருவர் இறந்தார்.

பிற்பாடு, பழந்தின்னி வௌவால்தான் இந்தக் கிருமியின் இருப்பிடம் என்று கண்டுபிடித்தார்கள். பன்றிக் கொட்டகைக்கு மேலே பழமரம். வௌவால் கடித்துப் போட்ட பழம் கீழே விழ, பன்றி தின்றது. இவ்வளவுதான் சங்கதி. பழமரத்தைக் கொட்டகைக்கு அருகில் வைக்காதே என்று முதலிலேயே சொல்ல ஆள் இருந்திருந்தால், அதைக் கேட்க ஆள் இருந்திருக்காதா?

எதிரணியினர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆறு மாதத்தில் மக்களைக் காப்பாற்றாமல் விட்டது தண்டனை இல்லாத குறை அல்ல. சொன்ன காரணம் தப்பு. காரணம் தப்பாக இருந்தபோது கீழ்ப்படிந்தவனுக்கும் காவல் இல்லை. காரணம் சரியானதும், போவென்று சொல்லும் முன்பே ஊர் காலியானது.

இந்த நினைவோடுதான் அந்த வட்டாரத்து மக்கள் 2020 மார்ச் 16 இரவு தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். பிரதமர் முகிதின் யாசின் பேசினார். 18ஆம் தேதி முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. ஜனங்கள் 'பி.கே.பி.' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். மறுநாளே குழப்பம். மாநிலம் விட்டு மாநிலம் போவதற்குப் போலீஸ் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். நிலையங்களில் கூட்டம் முண்டியடித்தது. இரவோடு இரவாக அதை நிறுத்தி வைத்தார்கள். கூட்டம் கூடாதே என்ற விதியே கூட்டத்தைக் கூட்டியது. இதில் கீழ்ப்படியாதவன் யார்? வரிசையில் நின்றவன் அனைவரும் கீழ்ப்படிய வந்தவன்தானே?

ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பத்துக் கிலோமீட்டர் விதி. வீட்டுக்கு ஒருவர், பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் போய்ச் சாமான் வாங்கி வரலாம். தாமானில் இருப்பவருக்கு இதில் சிரமமில்லை. ஜெம்போல் பக்கத்து உள்தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். கெடிஸ், ஜெராம் பாடாங் மாதிரித் தோட்டங்களுக்குக் கடை என்றால் பஹாவ், மருந்து என்றால் பஹாவ், பேங்க் என்றால் பஹாவ். அந்த வட்டத்துக்குள் கிடைக்காவிட்டால் அடுத்து அருகிலுள்ள இடம் வரை போகலாம் என்று சட்டத்தில் ஒரு வாசகம் இருந்தது. அது எத்தனை பேர் காதில் விழுந்தது? போர்ட்டிக்சன் பக்கம் சுவா பெத்தோங்கிலும் ரந்தாவ் பக்கம் பிராட்வாலிலும் வீட்டுக்குள் அடங்கிக் கிடந்த கிழவிக்கு 'பத்து' என்ற எண் மட்டும்தான் வந்து சேர்ந்தது. பிள்ளைகள் மோட்டாரை வெளியே எடுக்கப் பயந்தார்கள். எதிரணி சொல்கிற அச்சம் இங்கே வேலை செய்தது, மறுக்கவில்லை. ஆனால் மருந்து வாங்கப் போகாமல் இருப்பதற்குத்தான் அது வேலை செய்தது!

அடுத்து வேலை. செம்பனைத் தோட்டங்கள் நிபந்தனையோடு இயங்கலாம் என்று அனுமதி கிடைத்தது. அது சரியான முடிவு. வெட்டாத குலை அழுகும், வேலையில்லாத வயிறு காயும். சபாவில் சில மாவட்டங்களில் தோட்டங்களை மூடிப் பார்த்தார்கள். அங்கே ஏற்பட்ட தவிப்பைக் கேட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் தொழிலாளி மனத்தில் எழுந்த கேள்வியை யார் கேட்டார்கள்? காலையில் பிரட்டுக்குப் போகலாம், டிராக்டரில் ஒருவரோடொருவர் ஒட்டி நின்று காட்டுக்குப் போகலாம், சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்கு மட்டும் போகக்கூடாது. கிருமிக்கு வேலை நேரம், ஓய்வு நேரம் தெரியுமா? இந்தக் கேள்வியை விதண்டாவாதம் என்று தள்ளிவிடுவது சுலபம். வேலைக்கு விட்டது சோற்றுக்காக, கோயிலை மூடியது கூட்டத்துக்காக என்று ஒரு கிராணியோ ஒரு மண்டோரோ லயத்து வாசலில் நின்று ஐந்து நிமிடம் விளக்கினால் தீர்ந்துபோகிற கேள்வி அது. விளக்கிய இடத்தில் தீர்ந்தது.

அந்த ஆண்டு எத்தனையோ தோட்டக் கோயில்களில் திருவிழா இல்லை. கரகம் இல்லை, தீமிதி இல்லை. தாத்தா காலத்திலிருந்து விடாமல் நடந்த காரியம். ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று முணுமுணுத்த பெரியவர்களே முன்னின்று வாசலைச் சாத்தினார்கள். அந்தக் காட்டு வழிக் கோயிலுக்கு எந்தப் போலீஸ்காரர் வந்து நின்றார்? சாவு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஆள் குறைவாக வரவேண்டும் என்பது விதி. தோட்டத்தில் ஒரு சாவு என்றால் லயம் மொத்தமும் அந்த வாசலில்தான் நிற்கும். பறையோ தேவாரமோ, ஆள் இல்லாத சாவு அங்கே கிடையாது. தூக்க நாலு பேர், கொள்ளி வைக்க ஒருவர் என்று அனுப்பிவிட்டு, மற்றவர்கள் அவரவர் வாசலில் நின்று கும்பிட்ட நாட்கள் அவை. அப்படி நின்றவர் கையைக் கட்டியது ஆயிரம் வெள்ளி அபராதமா? எதிர்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்ற நினைப்பா?

லயம் என்றால் என்ன என்பதை நகரத்து நண்பர்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே கூரை, இடையில் ஒரு சுவர். ஒருவர் இருமினால் நாலாம் வீட்டுக்குக் கேட்கும். 'வீட்டில் தனிமைப்படுத்திக்கொள்' என்ற விதியை எழுதியவர் வீட்டில் எத்தனை அறையோ! இரண்டு அறையில் ஆறு பேர் இருக்கிற வீட்டில் தனிமை என்பது சாமி அறையில் பாய் போட்டுக்கொள்வதுதான்.

ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைக்கு நெகிரி தோட்டங்களில் தமிழர்கள் பழைய எண்ணிக்கையில் இல்லை. குலை வெட்டுவதில் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும். லாபு, நீலாய், செண்டாயான் பக்கம் தோட்டமாக இருந்த நிலத்தில் இன்று தாமான் மேல் தாமான். தோட்டத்துப் பிள்ளைகள் மலிவு வீடுகளுக்குப் போய், தொழிற்சாலைப் பஸ் ஏறுகிறார்கள். ஆகவே தோட்டத்து மனோபாவம் என்பது லயத்தோடு நின்றுவிடவில்லை. ஐந்து மாடி அடுக்குக்கும் போயிருக்கிறது. அங்கே மறைவாகக் கூடிக் குடித்தவர்களும் உண்டு. பெயருக்கு இருபது பேர் என்று எழுதிவிட்டு நூறு பேருக்குச் சோறு போட்ட விசேஷ வீடுகளும் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த கஷாயத்தைக் குடித்துவிட்டு முகக்கவரியைக் கழற்றி வீசியவர்களும் உண்டு. இந்த அணி யாரையும் தேவராக்க வரவில்லை.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் 'சிவகங்கா திரளை' எடுத்து வைத்தார். எடுத்து வைக்க வேண்டிய சங்கதிதான். 2020 ஜூலையில் தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய உணவக உரிமையாளர் ஒருவர், வீட்டில் இருக்கச் சொன்ன காலத்தில் வெளியே போனார். கெடாவில் தொடங்கி பெர்லிஸ், பினாங்கு வரை 45 பேருக்கு நோய். ஆகஸ்டு 13 அன்று அலோர் ஸ்டார் நீதிமன்றம் ஐந்து மாதச் சிறையும் 12,000 வெள்ளி அபராதமும் விதித்தது. அந்தத் தீர்ப்பைத் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. தமிழ் மக்களே அவரைத் திட்டியது போல வேறு எவரும் திட்டியிருக்கமாட்டார்கள். தமிழ்நாட்டு ஊர்ப் பெயர் நோய்க்குப் பெயராகிவிட்டதே என்ற வெட்கம் அதில் இருந்தது.

ஆனால் அதே ஜூலையில் இன்னொருவரும் வெளிநாட்டிலிருந்து திரும்பினார். துருக்கியிலிருந்து, ஜூலை 7 அன்று. அவர் தனிமையில் இருக்காமல் நாடாளுமன்றத்துக்கும் போனார். ஆகஸ்டில் சபையில் தெரேசா கோக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவருக்கு விதிக்கப்பட்டது 1,000 வெள்ளி அபராதம். அவருக்கு வீட்டில் இருக்கும்படி உத்தரவுப் பாரமே கொடுக்கப்படவில்லை, ஆகவே மேல்நடவடிக்கை இல்லை என்று அக்டோபரில் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் முடித்துவிட்டது. அவர் யார்? கைருடின் ரசாலி. அப்போது எந்தத் துறைக்கு அமைச்சர்? தோட்டத் தொழில் துறைக்கு!

அதே ஆண்டு கெடாவில் தனிமைக் காலத்தில் உணவகத்துக்குப் போன 72 வயதுப் பாட்டி ஒருவருக்கு ஒரு நாள் சிறையும் 8,000 வெள்ளி அபராதமும் விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது 3,000 வெள்ளியாகக் குறைந்தது. மூன்று கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கணிதப் பட்டம் வேண்டாம். 1960இல் பி. ரம்லி எடுத்த படத்தின் பெயர் 'அந்தாரா டுவா டார்ஜாட்'. இரண்டு தரத்துக்கு நடுவே என்று அர்த்தம். அறுபது வருஷம் கழித்து மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லார் வாயிலும் அந்தப் பெயர் வந்தது. செப்டம்பரில் சபா தேர்தல். பிரசாரத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள், நோயும் கூடவே வந்தது. அந்தத் தேர்தலும் ஒரு காரணம் என்று பிரதமரே ஒத்துக்கொண்டார். அதுவரை தினமும் மாலையில் டாக்டர் நூர் ஹிஷாம் அப்துல்லா தொலைக்காட்சியில் எண்ணிக்கை சொல்லும்போது, கடன்காரன் வாசலில் நின்றாலும் எழுந்திருக்காமல் கேட்ட ஜனங்கள், அதற்குப் பிறகு சானலை மாற்றினார்கள்.

தண்டனைதான் மருந்து என்றால், நடுவர் அவர்களே, அதையும் சோதித்துப் பார்த்தாயிற்று. 2021 மார்ச் 11 முதல் தனிநபருக்கு அபராதம் 10,000 வெள்ளி வரை. ஒரே தாவலில் பத்து மடங்கு! கிளந்தானில் பர்கர் விற்ற ஒருவருக்கு 50,000 வெள்ளி கம்பவுண்டு எழுதி நாடே கொதித்தது. நோய் அடங்கியதா? அந்த மார்ச்சில் நாளுக்கு ஆயிரத்துச் சொச்சமாக இருந்தது, ஆகஸ்டு 26 அன்று 24,599 ஆனது. டெல்டா வகை வந்தது பெரிய காரணம், அதை மறைக்க வேண்டாம். ஆனால் பத்தாயிரம் வெள்ளியைப் பார்த்து டெல்டா பயப்படவில்லையே!

ஜூன் முதல் தேதி மீண்டும் முழு அடைப்பு. வயிறு காய்ந்தவர்கள் என்ன செய்தார்கள்? சன்னலில் வெள்ளைத் துணி கட்டினார்கள். வெளியே ஓடி வந்து விதியை மீறவில்லை. உள்ளே இருந்தபடியே, உதவி வேண்டும் என்று கொடி காட்டினார்கள். அக்கம்பக்கத்தார் அரிசியும் முட்டையும் கொண்டுபோய் வைத்தார்கள். 2020 மார்ச் 27 அன்று அறிவித்த உதவித்திட்டத்தில் நாலாயிரம் வெள்ளிக்குக் கீழ் வருமானமுள்ள குடும்பத்துக்கு 1,600 வெள்ளி கொடுத்தார்கள். அந்தப் பணம் கையில் வந்த மாதங்களில் வீட்டில் இரு என்பது எளிதாக இருந்தது. அது கரைந்த பிறகு அதே வாக்கியம் வேறு மாதிரிக் கேட்டது.

கடைசியாக ஊசி. 2021 முடிவதற்குள் நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ 97 விழுக்காட்டினர் இரண்டு தவணையும் போட்டுக்கொண்டார்கள். போடாதவன் உணவகத்தில் உட்காரமுடியாது என்ற நெருக்கடி இருந்தது, சரி. ஆனாலும் புக்கிட் பெலாண்டோக் பக்கத்து மனிதனை நினைத்துப் பாருங்கள். 1999இல் இதே மாதிரி ஒரு ஊசி. இதே மாதிரி வெள்ளைக் கோட்டு. அன்றைக்கு அது தப்பான நோய்க்கான ஊசி. போட்டுக்கொண்ட பங்காளி பிழைக்கவில்லை. அந்த மனிதன் இருபத்திரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் சட்டைக் கையை மடித்துவிட்டு வரிசையில் நின்றான் என்றால், அவனை அங்கே கொண்டுவந்தது எது? இந்த முறை பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கொண்டு பிழைத்ததை அவன் கண்ணால் பார்த்திருந்தான். சொன்னதும் நடந்ததும் ஒன்றாக இருந்தது.

நடுவர் கை மணிக்குப் போகிறது, தெரிகிறது. எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டு இந்த அணி அமர்கிறது. 1998-99இல் நோய்ப்பட்ட அந்த 265 பேரில், விதியை மீறியதால் நோய்ப்பட்டவர் எத்தனை பேர்? கணக்கை அவர் சொல்லட்டும்.